கண்டக்டர் தொண்டையில் ஓடிய வண்டி

1. குரல் போன நாள்

எனக்குத் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு நாளிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். என் பேர் சவரிமுத்து. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராகவும் பிறகு செக்கிங் இன்ஸ்பெக்டராகவும் இருந்தவன். செஞ்சியில் வண்டிப் பக்கம் நின்று "அவலூர்பேட்டை, அவலூர்பேட்டை!" என்று நான் கூவினால் கோட்டை மலையில் மேய்கிற ஆடு திரும்பிப் பார்க்கும் என்று சொல்வார்கள். சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். ஆனால் ஒருவரும் மறுத்ததில்லை.

அது யுத்த காலம். பெட்ரோலுக்கு ரேஷன். எங்கள் வண்டி கரி கேஸில் ஓடியது. வண்டிக்குப் பின்னால் ஆளுயர இரும்பு பிளாண்ட் ஒன்று இருக்கும். அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, காற்று ஊதுகிற பிளோயரைக் கை கடுக்கச் சுற்றினால் கேஸ் கிளம்பும். அந்த கேஸில்தான் இன்ஜின் ஓடும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். உடனே ஜனங்கள் தாங்களாகவே இறங்கித் தள்ளுவார்கள். டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு வண்டியும் தள்ளணுமா என்று ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை. நல்ல ஜனங்கள்.

டிரைவர் கன்னியப்பன் அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். கரி வண்டியை ஓட்ட அவரை மிஞ்சிய ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது. எந்த மேட்டில் எப்போது கியர் மாற்றினால் வண்டி நிற்காது என்பது அவர் காலுக்குத் தெரியும். ஐந்து வருஷமாக நானும் அவரும் ஒரே வண்டி. பேச்சில் என்னைவிடக் குறும்புக்காரர்.

அமாவாசையன்று மட்டும் எங்கள் வண்டி மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல். மற்ற நாளெல்லாம் அவலூர்பேட்டை. வழியில் ரோடு இரண்டாகப் பிரியும் ஒரு கூட்டு ரோடு உண்டு. அமாவாசையில் அங்கே ஒரு பக்கம் திரும்புவோம், மற்ற நாளில் இன்னொரு பக்கம்.

அந்த மாசத்து அமாவாசைக்குக் கூட்டம் சொல்லி மாளாது. கூவிக் கூவி மறுநாள் காலை எழுந்தால் எனக்குக் குரலே இல்லை. வெறும் காற்றுதான் வருகிறது. என் மனைவி செசிலி, "அப்பாடா, இன்னிக்குத்தான் வூடு வூடா இருக்குது" என்று சந்தோஷப்பட்டாள். கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

வண்டி கிளம்பியது. தொண்டூர் போகிறவர்கள் இறங்குகிற இடம் வந்தது. வண்டி நிற்கவில்லை. "யோவ், நிறுத்துய்யா!" என்று அவர்கள் கத்திய பிறகு ஒரு பர்லாங் தள்ளி நின்றது. அடுத்த இடத்திலும் அப்படியே. அண்ணன் ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன். கூட்டு ரோடு வந்ததும் அவராகவே வண்டியை நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கை ஸ்டீயரிங் மேல் இருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஜனங்கள் கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்தார்கள். வழக்கப்படி முப்பது பேரும் இறங்கிப் பின்னால் போய், "தள்ளு, தள்ளு" என்று தோளைக் கொடுத்துவிட்டார்கள். வண்டி அசையவில்லை, ஏனென்றால் அண்ணன் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் ஓடினேன். அவர் முகம் வேர்த்திருந்தது. மெதுவாகக் கேட்டார்.

"டேய் சவரி, இன்னிக்கு அமாவாசையா?"

நேற்றுப் பூராவும் அமாவாசைக் கூட்டத்தை ஏற்றி இறக்கியவர் கேட்கிற கேள்வியா இது? எனக்கோ பதில் சொல்லக் குரல் இல்லை. கையைத்தான் நீட்டிக் காட்டினேன், அவலூர்பேட்டை ரோட்டுப் பக்கம். அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். பின்னால் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் பலத்தால்தான் நகர்ந்தது என்று கைதட்டிக்கொண்டே ஓடி வந்து ஏறினார்கள்.

2. நான் செய்த கெட்டிக்காரத்தனம்

மூன்றாம் நாள் குரல் வந்துவிட்டது. அதற்குள் எனக்கு ஒன்று புரிந்திருந்தது. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் முன்னால் நான் ஊர் பேரைக் கத்துவேன். அதைக் கேட்டுத்தான் அண்ணன் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக என்று யாருக்குத் தெரியும்?

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவரிடம் பேசியிருக்க வேண்டும். செய்தேனா? இல்லை. இன்னும் பலமாகக் கத்த ஆரம்பித்தேன். "அண்ணே, இன்னிக்கு வியாழக்கிழமை, அவலூர்பேட்டை வண்டி!" என்று காலையிலேயே அறிவிப்பேன். கூட்டு ரோடு வருவதற்கு முன்னால் திருப்பத்தையும் சேர்த்துக் கத்துவேன். ஜனங்கள், "இன்னாய்யா கண்டக்டரு, எங்களுக்குக் கிழமை தெரியாதா?" என்று கேலி செய்தார்கள். பெரிய உபகாரம் செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. மடத்தனம், வேறென்ன!

இப்படி இரண்டு மாசம் போயிற்று. ஒரு நாள் அவலூர்பேட்டையில் சந்தை. அண்ணன் வண்டியை லேசான சரிவில் நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்கினார். ஹேண்ட் பிரேக் போடவில்லை. வண்டி அதுபாட்டுக்கு நகர்ந்து போய் ஒரு பூசணிக்காய்க் குவியலில் மோதி நின்றது. காய்கள் சந்தை முழுக்க உருண்டன. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் ஓடினேன். காய் விற்கிற அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் கைக்குழந்தையோடு அப்படியே நின்றாள்.

"இப்பத்தான்யா தூக்கினேன். அந்தக் காய் மேலதான் உக்கார வச்சிருந்தேன்" என்றாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் என்னால் ஒரு ஊர் பேரைக்கூடச் சரியாகக் கூப்பிட முடியவில்லை. விஷயத்தை மூடி வைத்து ஒரு குழந்தையின் உசிரோடு விளையாடியிருக்கிறேன் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

3. மூன்று பேரும் திருடர்கள்

மறுநாள் ஞாயிறு. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் பின்னால் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அஞ்சலை அண்ணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணியே கேட்டார்.

"தம்பி, பஸ்ஸுல அவரு நல்லாத்தானே இருக்காரு?"

"ஏன் அண்ணி கேக்குறீங்க?"

"சும்மாத்தான் கேட்டேன்." முறத்தை வேகமாக இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு உடைந்துவிட்டார். "சட்டைய நான்தான் எடுத்துக் குடுக்கறேன் தம்பி. இல்லன்னா ரெண்டு சட்டைய ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கறாரு. சாப்ட்டு கை கழுவிட்டு வந்து, சோறு எங்கடீன்னு கேக்கறாரு. நேரா போனா பஸ்ஸு, நேரா வந்தா வூடுன்னு பாத்துக்கறேன். மலையனூரு அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். வேலை போயிடும்னு யாருகிட்டயும் மூச்சு விடல."

நானும் சொன்னேன். அமாவாசை, பூசணிக்காய், எல்லாவற்றையும். நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியதையும் சேர்த்துச் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "ரெண்டு ஆபீசுலயும் மனு குடுத்துட்டோமா?" என்றார்.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் கேட்டது. அண்ணன் ஈரத் துண்டோடு கதவில் சாய்ந்து நின்றிருந்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினீங்களா ரெண்டு பேரும்?"

அண்ணி முறத்தைக் கீழே வைத்தார்.

"ஒரு வருஷமா உன் தொண்டைய வச்சுத்தாண்டா வண்டி ஓட்டறேன். நீ ஊரு பேரு சொல்லுவே, நான் நிறுத்துவேன். இவ சட்டைய நீட்டுவா, நான் போட்டுக்குவேன். அன்னிக்கு உன் குரலு போச்சு, என் கதையும் அன்னிக்கே முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன்ணே சொல்லல?"

"சொன்னா வண்டிய வாங்கிடுவீங்க. வண்டி போச்சுன்னா நான் யாருடா?" உட்கார்ந்துவிட்டார். "நேத்து அந்தக் கொழந்தையப் பாத்தேன். ராத்திரி கண்ண மூட முடியல. இன்னிக்காவது எவனாவது வாயத் தொறந்து கேக்கமாட்டானான்னு இருந்தேன்."

பாருங்கள் கூத்தை! ஒரு வீட்டிலும் ஒரு வண்டியிலுமாக மூன்று பேர், ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்திருக்கிறோம். மூன்று பேரும் ஒரு பாடு அழுதோம். பிறகு அண்ணி தோசை சுட்டார். நன்றாகவே சாப்பிட்டோம்.

4. டாக்டர் கேட்ட மூன்று வார்த்தை

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் வாலிபர், பொறுமைசாலி. கண், நாக்கு, நாடி எல்லாம் பார்த்தார். குடி உண்டா, தலையில் அடிபட்டதா, காய்ச்சல் வந்ததா என்று அண்ணியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றுமில்லை. பிறகு அண்ணனிடம் திரும்பினார்.

"மூணு வார்த்தை சொல்றேன், மனசுல வச்சுக்கங்க. பூட்டு, தென்னை, பசு. அப்புறம் கேப்பேன்."

அதன் பிறகு கரி வண்டியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார். அண்ணன் பிளாண்டை எப்படிப் பற்றவைப்பது, எந்தக் கரி நல்ல கரி என்று அருமையாக விளக்கினார். இவருக்கா வியாதி என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. டாக்டர் சிரித்துக்கொண்டே, "சரி, நான் சொன்ன மூணு என்ன?" என்றார்.

"மூணு என்னா டாக்டரய்யா, முப்பது கூட சொல்லுங்க. உங்க காரு இருந்தா எடுத்தாங்க, ஓட்டிக் காட்டறேன்!"

நாங்கள் சிரித்தோம். டாக்டரும் சிரித்தார். ஆனால் விடவில்லை. "நல்லாப் பேசறீங்க. மூணுல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போதும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். என் உதடு தன்னால் அசைந்தது. "கண்டக்டர், நீங்க வாய மூடுங்க" என்றார் டாக்டர். என் சர்வீஸில் நான் வாயை மூடியதிலேயே அதுதான் மிகக் கஷ்டமான தடவை. அண்ணனுக்கு ஒன்றுகூட வரவில்லை.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார், அவரைப் பார்த்தே சொன்னார். "மூளை கொஞ்சம் கொஞ்சமா தேயுது. பழசு நிக்கும், புதுசு நிக்காது. குணமாக்கற மருந்து இல்ல. ஆனா பாத்துக்கற வழி இருக்குது. சீக்கிரமே வந்துட்டீங்க, அதனால இவரையே கேட்டு எல்லாத்தையும் முடிவு பண்ணலாம். வண்டி ஓட்டறது மட்டும் இன்னியோட சரி."

மற்ற யோசனைகளையும் அண்ணியிடம் சொன்னார். தினமும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி காரியங்கள் நடக்கட்டும். மறந்ததற்காகச் சண்டை போட வேண்டாம். நெருப்புக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் தனியாக விட வேண்டாம். கைக்குப் பழகிய வேலை ஏதாவது கொடுங்கள். நீங்களும் மத்தியானத்தில் கொஞ்சம் படுங்கள் என்றார். அண்ணிக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். "எனக்குமா வைத்தியம்?" என்றார்.

அண்ணன் சட்டையில் குத்தியிருந்த டிரைவர் வில்லையைக் கழற்றினார். அதை இரண்டு தடவை துடைத்து அண்ணி கையில் வைத்தார். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

5. முதலாளியின் சல்லடை

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஷெட்டுக்குப் போய் பஸ் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் என்னைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார். "ரெண்டு மாசமா மறைச்சியா? முப்பது உசுரு உனக்கு விளையாட்டாடா?" என்று ஷெட்டே அதிரத் திட்டினார். அத்தனையும் நியாயம். குரலில் என்னை ஜெயித்தவர் அவர் ஒருவர்தான். திட்டி முடித்து அண்ணனைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "உனக்கு இன்னா வேலை குடுக்கறது கன்னியப்பா?"

அண்ணனே பதில் சொன்னார். "கரி சலிக்கறேன் மொதலாளி. இவனுங்க போடற கரி பூரா தூளு. அதான் வண்டி மூச்சு வாங்குது."

பிளாண்டுக்குக் கரி ஒரே அளவாக, காய்ந்ததாக இருக்க வேண்டும். தூள் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். மறுநாளிலிருந்து காலை எட்டு மணிக்கு அண்ணி அவரை ஷெட்டில் கொண்டுவந்து விடுவார். அவர் கரியை உடைத்துச் சலித்து மூட்டை கட்டுவார். மத்தியானம் செசிலி போய் அவரோடு உட்கார்ந்து பேசுவாள், அண்ணி வீட்டில் படுத்துக்கொள்வார். அண்ணன் சொன்ன கதையையே தினமும் சொன்னால், செசிலி தினமும் புதிதாகச் சிரிப்பாள். புது டிரைவர் வண்டியை உள்ளே கொண்டுவரும்போதே, "கிளச்சு தேஞ்சிருக்குது பாரு" என்பார் அண்ணன். கழற்றிப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும்.

யுத்தம் முடிந்தது. பெட்ரோல் வந்தது. பிளாண்டைக் கழற்றி மூலையில் போட்டார்கள். ஆனால் ஷெட்டுக்கு வாரம் இரண்டு மூட்டை கரி மட்டும் வந்துகொண்டே இருந்தது. எதற்கென்று கேட்டால் முதலாளி, "டீக்கடைக்காரன் சலிச்ச கரிதான் வேணும்னு கேக்கறான்யா" என்று எரிந்து விழுவார். டீக்கடைக்காரரோ, "நான் எங்கய்யா கேட்டேன்? அவருதான் குடுத்து அனுப்பறாரு" என்றார். கடைசி வரை அண்ணனுக்கு வேலை இருந்தது.

என் பேரும் ஒரு நாள் அவருக்கு மறந்தது. "தம்பி எந்த ஊரு?" என்றார். "அவலூர்பேட்டை போவணும்ணே" என்றேன். "உக்காரு, வண்டி வந்துரும்" என்று பக்கத்தில் இடம் விட்டார். உட்கார்ந்துகொண்டேன்.

இன்று வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கூட வேலை செய்கிறவர் தடுமாறினால் முட்டுக் கொடுத்து மறைக்காதீர்கள். முதலாளியிடம் ஓடவும் வேண்டாம். முதல் நாளே, முதல் ஆளாக, அவரிடமே போய்க் கேளுங்கள். கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் எவனாவது கேட்கமாட்டானா என்று அங்கே ஒரு மனுஷன் தூங்காமல் இருக்கிறார்.