பஞ்சு, பீப்பாய், என் மகள்

இல்லை, என்னைக் கடித்தது கறுப்பு நாய் இல்லை. விரலில் போட்ட கட்டைப் பார்க்கிற எல்லோரும் அடுத்து அதைத்தான் முறைக்கிறார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை வைத்திருக்கிறாள். பத்து வருஷமாகிறது. இரண்டு கையிலும் தழும்புகள். எது யார் போட்டது என்று கேட்டால் உறவுமுறை சொல்வது போல வரிசையாகச் சொல்வாள். பாதிக்கு மேல் மடியில் வைத்துக் கொஞ்சுகிற குட்டி நாய்களின் வேலை. புதிதாக எந்த நாய் வந்தாலும் என்ன இனம் என்று கேட்க மாட்டாள். "எதுக்குப் பயப்படும்? எங்க தொட்டாப் பிடிக்காது?" என்று கேட்டு, ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கூண்டில் மாட்டுவாள். அட்டையைப் படிக்காமல் யாரும் நாயைத் தொடக்கூடாது. அவள் புருஷனுக்கும் அதே சட்டம்தான்.

குளிக்க வந்த பெரிய கறுப்பு ராட்வெய்லர் நாய் ஒன்றை அதன் சொந்தக்காரர் திரும்பக் கூட்டிப்போகவே இல்லை. அதை வீட்டுக்கே கொண்டுவந்து பீப்பாய் என்று பெயரும் வைத்துவிட்டாள். அது எதிரே வந்தாலே நான் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்வேன். மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியதும் மாப்பிள்ளையைப் பிடித்தேன்.

"மாப்ளே, குழந்தை வீட்டுக்கு வர்றதுக்குள்ள அது போயாகணும்."

"உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க மாமா. எனக்கு உயிர் மேல ஆசை இருக்கு."

சொன்னேன். மூன்று நாள் சண்டை போட்டாள். கடைசியில், "சரி, உங்க பயத்துக்காக" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாய்க் காப்பகத்து ஆள் வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. புதன்கிழமை பேத்தி பிறந்தாள்.

மறுநாள் மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் அலைவதைப் பார்த்து நானும் கடைக்கு ஒத்தாசைக்குப் போனேன். வீட்டில் தனியாக விட முடியாமல் பீப்பாயையும் அவர் கடைக்குக் கொண்டுவந்திருந்தார். முதல் வேலையாக, மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த அதற்கு, கடிக்காமலிருக்க அவரைக் கொண்டு வாய்க்கூடு மாட்டவைத்தேன். அவர் ஃபோன் பேச வெளியே போனதும், குளித்து முடித்திருந்த பஞ்சு என்கிற வெள்ளைப் பொமரேனியன் குட்டி நாயை "வாடி ராஜாத்தி" என்று அள்ளியெடுத்து, ஈரம் காயவைக்கும் மிஷினைப் போட்டேன். அவ்வளவுதான். ராஜாத்தி விரலைக் கவ்வியவள் விடவே இல்லை. பீப்பாயோ மிஷின் சத்தத்துக்கே மிரண்டு மேஜைக்கடியில் ஒளிந்துகொண்டது. தலை மட்டும் உள்ளே, மற்றதெல்லாம் வெளியே.

அதே ஆஸ்பத்திரியில் எனக்கு ஊசி, மூன்று தையல். கட்டோடு போய் மகள் முன்னால் நின்றேன்.

"யாருப்பா?"

"பஞ்சு."

"அட்டையில என்ன எழுதியிருந்துச்சு?"

"பாக்கலம்மா. பாக்க சாதுவாத்தானே இருக்குன்னு..."

"ஐயோ, சிரிக்க வைக்காதீங்கப்பா! எனக்கும் தையல் போட்டிருக்கு."

"பீப்பாய் கடிச்சிருந்தா?" என்று இழுத்தேன்.

"விரலே போயிருக்கும். பெரிய வாய், பெரிய காயம். அதை நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதனாலதான் பஞ்சோ பீப்பாயோ, எந்த நாயையும் குழந்தைகிட்ட தனியா விடமாட்டேன். ஆனா இனத்தை மட்டும் பாத்து இது கடிக்கும், இது கடிக்காதுன்னு எனக்கே சொல்லத் தெரியாதுப்பா."

சொல்லிவிட்டுப் பேத்தியை என் மடியில் வைத்தாள். ஒரு கையில் அவளைத் தாங்கிக்கொண்டே, காப்பகத்து ஆளுக்கு ஃபோன் போட்டு வர வேண்டாம் என்றேன். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

குழந்தை அறை வாசலுக்கு இடுப்புயரக் கம்பிக் கதவை நானே மாட்டினேன், கட்டுப் போட்ட விரலை நீட்டிக்கொண்டே. தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்து இன்றோடு ஆறு நாள். பீப்பாய் கதவுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பேத்தியை நான் கீழே வைப்பதே இல்லை. யார் கேட்டாலும், "இப்பத்தான் தூங்கினா" என்று அனுப்பிவிடுகிறேன்.

இன்று காலை பால் கொடுக்கப் பிள்ளையை வாங்க வந்த மகள், என் நாற்காலியில் ஒரு அட்டையை மாட்டினாள்.

"நீங்கதான் அட்டை படிக்க மாட்டீங்களே, நானே படிக்கிறேன். பேரு தாத்தா. பயம், பீப்பாய். பேத்தியைக் கையிலேருந்து வாங்கினா கடிக்கும்."