ஜெனரலின் கதையில் நான் வெட்டிய பத்தி

அடுகோடிப் பகுதியில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கேவலமான வழக்கம் உண்டு. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும், யாராவது ஒருவர் ஒரு பெரிய தலைவரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். அந்தத் தலைவர் வாங்கிய பதக்கத்தை அட்டையில் வெட்டி, சொன்னவர் சட்டையில் குத்திவிடுவார்கள். சாயங்காலம் வரை கழற்றக் கூடாது. ஜெர்மன் தெரிந்தவன் என்பதால், இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்ட ஜெர்மன் ஜெனரல் ஒருவர் என் தலையில் விழுந்தார்.

அவர் எழுதிய தன்வரலாற்றைப் படித்தேன். சின்ன வயதில் படையில் சேர்ந்தது, முதல் போரில் காலில் குண்டு, அடுத்த போரில் கழுத்தில் சிலுவைப் பதக்கம், பிறகு கொஞ்ச நாள் சிறை, பென்ஷன், ரோஜாத் தோட்டம். செத்துப்போன குதிரைக்காக ஒரு அத்தியாயமே அழுகிறார். அவர் உத்தரவில் எரிந்த கிராமத்துக்கு ஒரு வரிகூட இல்லை. அதை, போருக்குப் பிறகு அவர்மேல் நடந்த விசாரணையின் பதிவில்தான் படித்தேன். ஊராரை வைக்கோல் கொட்டகையில் அடைத்து, கதவில் ஆணியடித்து, தீ வைத்திருக்கிறார்கள். குழந்தைகளும் உள்ளே.

அதையும் ஒரு பத்தியாக எழுதிக் காட்டினேன்.

"இது ரொம்ப நெகட்டிவா இருக்கு குரு, தூக்கிடுங்க. லீடர்ஷிப் மட்டும் போதும்" என்றார் மேனேஜர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். மறைத்தேன். இது அப்ரைசல் மாதம், வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பேசி முடித்ததும் கைதட்டினார்கள். ஜிகினாத் தாள் ஒட்டிய கறுப்புச் சிலுவையைக் குத்திவிட்டு செல்ஃபி எடுத்தார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பத்தியை வெட்டியவன், ஜெனரல் போரிட்ட இடங்களைக் காட்டத் திரையில் போட்டிருந்த வரைபடத்தை மறந்துவிட்டேன். அந்தக் கிராமத்தின் புள்ளி, 'எரிக்கப்பட்டது' என்ற குறிப்போடு, அதில் அப்படியே இருந்தது. ஆனேக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ரிசப்ஷன் பெண் அதைக் கவனித்துவிட்டாள்.

"சார், அந்த ஊர் ஜனங்கள்லாம் என்ன ஆனாங்க?"

மேனேஜர் என்னையே பார்த்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"முன்னாடியே கிளம்பிப் போயிட்டாங்கம்மா" என்றேன்.

"அப்பாடா!" என்று அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "கொழந்தைங்க இருந்திருக்குமேன்னு பயந்துட்டேன் சார்."