அக்கரை அக்கா

தாராவியில் எங்கள் சந்துக்கு முன்னால் ஓடும் நாலாவை யாராவது சாக்கடை என்றால் எனக்குக் கோபம் வரும். சாக்கடைதான். ஆனாலும் அதை நான் திட்டலாம், வெளியாள் திட்டக் கூடாது. அதன் அந்தப் பக்கம், என் வாசலுக்கு நேர் எதிரே, இருபத்திரண்டு வருஷம் அக்கா குடியிருந்தாள். இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கம் என்பதைத் தவிர உறவு ஒன்றும் கிடையாது.

பாலத்தைச் சுற்றி வந்தால் கால் மணி நேரம் ஆகும் என்பதால் எங்கள் பேச்செல்லாம் கத்தல்தான். கருவேப்பிலை கேட்டால், காற்றில் பறந்துவிடாமல் இருக்க ஒரு உருளைக்கிழங்கையும் பையில் போட்டுக் கட்டி வீசுவாள். கிழங்கை நான் திருப்பிக் கொடுத்ததே இல்லை.

நாலா பொங்கினால் முதலில் முழுகுவது என் வீடு. அவள் பக்கம் இரண்டு படி மேடு. "தண்ணி வந்துச்சாட்டி?" என்று ஒரு குரல் கேட்கும். பதிலுக்குக் காத்திராமல் துடைப்பத்தோடு பாலத்தைச் சுற்றி வந்துவிடுவாள். சேற்றைத் தள்ளிவிட்டு, ஈரத் தரையிலேயே உட்கார்ந்து பாவ் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்போம்.

வெள்ளம் மோசமாக வந்த ஒரு வருஷம் முனிசிபாலிட்டி வார்டு ஆபீசில் கூட்டம் போட்டார்கள். நாலாவை அகலப்படுத்தச் சொல்லி மக்களே எழுதிக் கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும் என்றார் அதிகாரி. மராத்தியில் மனு எழுதத் தெரிந்தவள் சந்தில் நான் ஒருத்திதான், பால்வாடி டீச்சர். பெருமை தலைக்கேறி வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து அக்கா போட்டது. எந்தக் கரையை வெட்டுவார்கள் என்று நான் கேட்கவில்லை. அகலம் என்பது யாரோ ஒருவர் குடியிருக்கும் இடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அளக்க வந்தவர்கள் அந்தக் கரைக் கதவுகளில் சிவப்பு எண் போட்டுவிட்டுப் போனார்கள். என் பக்கம் ஒரு கோடுகூட இல்லை. இடிக்கிற வீட்டுக்குப் பதிலாக அக்காவுக்குச் செம்பூர்ப் பக்கம் ஏழாவது மாடியில் வீடு கிடைத்தது. போகிற அன்று என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "குழாயில தண்ணி வீட்டுக்குள்ளயே வருதாம்ட்டி" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

இருபத்திரண்டு வருஷம் தேவைப்படாத அவள் நம்பரை அன்றுதான் வாங்கினேன். 'அக்கரை அக்கா' என்று பதியச் சொன்னேன். இந்தி மீடியத்தில் படித்த என் மகள் 'அக்கறை அக்கா' என்று அடித்து வைத்தாள். டீச்சர் மகளின் தமிழைப் பார் என்று தலையில் அடித்துக்கொண்டேன். திருத்தவில்லை.

அதற்குப் பிறகு வாசலில் நின்றால் எதிரே சிமெண்ட் சுவர். சொல்ல ஏதாவது வாய்வரைக்கும் வரும், கத்துவதற்கு ஆளிருக்காது. அவளைப் பார்க்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். போனில் பேசினோம்தான். மெதுவாகப் பேசும் அக்காவை எனக்குப் பழக்கமில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் விடிந்ததிலிருந்து கொட்டித் தீர்த்தது. நாலா விளிம்புவரை ஏறி, நின்று, இறங்கிவிட்டது. என் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. பத்து மணிக்குப் போன் வந்தது.

"தண்ணி வந்துச்சாட்டி?"

இல்லை என்றால் சரி என்று வைத்துவிடுவாள்.

"வந்துட்டுக்கா. முழங்கால் வரைக்கும்."

வாய் தவறி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். யோசித்தேதான் சொன்னேன். அவள் உடனே போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், தேநீருக்குப் பால் வாங்கி வைத்தேன்.

மத்தியானம் வந்து சேர்ந்தாள். லோக்கல் ரயில் குர்லாவோடு நின்றுவிட்டதாம், அங்கிருந்து மழையிலேயே நடந்திருக்கிறாள். புடவை முழங்காலுக்கு மேல்வரை ஈரம். ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையில் சோற்றுத் தூக்கு. வாசலில் நின்று தரையைப் பார்த்தாள். நம்பாமல் குனிந்து உள்ளங்கையால் தடவினாள்.

"எங்கட்டி தண்ணி?"

"வரலக்கா. ஒன்னப் பாக்கணும்போல இருந்துச்சு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"என் வீடு போனா என்ன, ஒன் வீட்டுக்குள்ள இனி தண்ணி வராதுன்னு சொல்லித்தான் மனசத் தேத்திக்கிட்டுக் கெடந்தேன். அதுவும் வீணாப் போச்சேன்னு குர்லாவுலேருந்து அழுதுகிட்டே வாரேன். வான்னு ஒரு வார்த்த சொன்னா வரமாட்டேனாட்டி?"

அவள் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒரு வார்த்தையை நான் சொன்னதே இல்லை. கையெழுத்து வாங்கிப் போன எனக்கு அவளைக் கூப்பிட என்ன முகம் இருக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டிருந்தேன்.