சூடு ஆறும் சத்தம்

எங்கள் நைனா தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய பொருள் ஒன்றே ஒன்றுதான். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. யாரோ ஒரு கப்பல்காரர் வெளிநாட்டில் வாங்கி, கொஞ்ச காலம் கேட்டு, அலுத்துப்போய் விற்ற ஆம்ப்ளிஃபயர் அது. இரண்டு பக்கமும் கருப்புத் தகடுகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும். தண்டையார்பேட்டையில் எங்களுக்கு இருந்தது ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும். பீரோவை நகர்த்தி அதற்கு இடம் செய்தார் நைனா. அன்று முதல் பீரோவின் ஒரு கதவு பாதிதான் திறந்தது, அம்மாவின் வாய் முழுசாகத் திறந்தது.

"வூட்ல மன்சன் குந்த எடமில்ல, இதுக்கு ஒரு எடம்" என்றாள்.

விற்ற கடைக்காரர் நைனாவுக்குப் பழக்கமானவர். "ஒரு வாரம் வெச்சுப் பாரு மாமு. கோளாறு எதுனா இருந்தா எட்த்துனு வா, நானே வாங்கிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரு வாரத்தைத்தான் அம்மா மலைபோல் நம்பியிருந்தாள்.

நைனா விம்கோ நகர் பக்கம் ஒரு கம்பெனியில் ஹாமர் மெஷின் ஓட்டினார். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அந்த மெஷின் அடிக்கிற அடியில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். நைனா அந்தக் கத்தலை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். தண்ணீர் கேட்டாலும் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு, அவர் கண்ணில் படாமல் பக்கத்து வீட்டுக்கு நழுவிவிடுவேன்.

பெட்டி வந்ததும் இந்த மனிதர் மாறிப்போனார். சாயங்காலம் குளித்து, வேறு கைலி கட்டி, அதன் எதிரே சம்மணம் போட்டு உட்காருவார். என்னையும் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்வார். போட்டதும் பாட்டு வைக்க மாட்டார். சூடானால்தான் குரல் கனியும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தாராம். அந்த அரைமணி நேரம் நாங்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருப்போம். என் தலையைத் தடவிக்கொண்டே இருப்பார். சூடு ஏற ஏறப் பெட்டிக்குள் எங்கேயோ 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் பாட்டு. பாட்டு முடிந்து அணைத்த பிறகும் அது ஓயாது. சூடு ஆற ஆற 'டிக், டிக்' என்று அடித்து, கடைசியில் வெகு நேரம் கழித்து ஒன்றே ஒன்று அடித்து நிற்கும். எனக்குப் பாட்டைவிட அதுதான் பிடித்தது. அது ஓய்கிற வரைக்கும் நைனா என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டதில்லை.

மூன்றாம் நாள் அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னாயா இது, ஆஃப் பண்ணப்புறமும் டிக்கு டிக்குனுது?"

"இன்னா டிக்கு?"

"உள்ள பல்லி கத்துற மாறி கீதே. உனுக்கு கேக்கல?"

நைனா காதை மூடியோடு ஒட்டிவைத்துக் கேட்டார். அந்த நேரத்தில் இரண்டு முறை அடித்தது. அவர் நிமிர்ந்து, "ஒரு சத்தமும் இல்ல. சொம்மா எதுனா சொல்லாத" என்றார்.

"கோளாறு பெட்டி. கொண்டுபோய் குட்த்துட்டு வா" என்றாள் அம்மா.

அவள் பேச்சை அவர் நம்பாததிலும் நியாயம் இருந்தது. அந்தப் பெட்டியை வாசல் தாண்ட வைக்க அவள் எதையும் சொல்லக்கூடியவள்தான்.

மறுநாள் அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நைனா பெட்டியை அணைத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னை எதிரே உட்காரவைத்தார். கத்தாமல் பேச அவருக்கும் தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"கண்ணு, நல்லா கேட்டு சொல்லு. சத்தம் வருதா?"

அடுத்தடுத்து மூன்று முறை அடித்து அப்போதுதான் நின்றிருந்தது. வருகிறது என்றால் பெட்டி கடைக்குப் போய்விடும். பெட்டி போனால் அந்த மடியும் போய்விடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"இல்ல நைனா."

"ஒண்ணுமே இல்ல?"

"ஒண்ணுமே இல்ல."

என்னை இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு பெட்டி மேல் இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டேன். அன்று பர்மாக்காரர் கடையில் அத்தோ நூடுல்ஸ் வாங்கி வந்தார். எனக்கு மட்டும் இரண்டு முட்டை.

வாரம் முடிந்தது, பெட்டி எங்களோடு தங்கிவிட்டது. சூட்டில் தகடு விரியும், ஆறும்போது சுருங்கும், உசத்தியான ஆம்ப்ளிஃபயர் பலதும் அப்படிச் சத்தம் போடும் என்பதெல்லாம் பெரியவளான பிறகு தெரிந்தது. கடைக்கே கொண்டுபோயிருந்தாலும் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். என் பொய்க்கு அவசியமே இருக்கவில்லை.

மீதியை என் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் அம்மா சொன்னாள். பெட்டி வருவதற்கு முந்தின மாதமே, காதைக் காட்டிவிட்டு வரச் சொல்லி நைனாவிடம் கம்பெனியில் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். காது போகிறது என்று ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டால் மெஷினிலிருந்து எடுத்து, சம்பளம் குறைவான வேறு செக்ஷனில் போட்டுவிடுவார்கள். போவதா வேண்டாமா என்று சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அம்மாவுக்குக் கேட்டது தனக்குக் கேட்கவில்லை என்றதும் பயந்துபோயிருக்கிறார். என்னைக் கேட்ட மறுநாள் காலை அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டாராம்.

"புள்ள காதுக்கே கேக்கல, எனுக்கு மட்டும் எப்டி கேக்கும்னாரு" என்றாள் அம்மா. எனக்கு ஏன் கேட்கவில்லை என்று அவள் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் அதே மெஷினில் நின்றார். முதலில் போன் மணி கேட்காமல் போனது, பிறகு என் குரல், கடைசியில் பாட்டு. இப்போது வீட்டில் எல்லோரும் அவரிடம் கை ஜாடையில்தான் பேசுகிறோம். அவருக்கும் பேச்சு குறைந்துவிட்டது. எந்தக் கத்தலுக்குப் பயந்து ஓடினேனோ, அதை ஒரு தடவை கேட்டால் போதும் என்று ஏக்கமாக இருக்கிறது. அன்று அவர் விசாரித்தது பெட்டியைப் பற்றி இல்லை, தன் காதைப் பற்றி என்று எட்டு வயதில் எனக்கு எப்படிப் புரியும்?

அவர் எதிரே உட்கார்ந்து, பொய் சொல்லிட்டேன் நைனா என்று இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். யார் என்ன சொன்னாலும் ஆட்டுவது போலச் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். எழுதிக் காட்டலாம். தினமும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர்தான். எழுதினால் அதையும் படித்துவிடுவார் என்பதால்தான் இன்னும் எழுதாமல் இருக்கிறேன்.