மருதோண்டிக் கைக்கு ஒரு கீறும் தட்டு

எனக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. ஏறாவூரில் எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் பெண்ணுக்கு மருதோண்டி போடுவது பல வருடமாக என் வேலை. டிசைன்களைப் படமாகக் கீறிக் கலியாண வீட்டாருக்கு முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன என்று ஒருநாள் யோசனை வந்தது. போனில் விரலால் கீறிப் பார்த்தேன். புழு நெளிந்த மாதிரி வந்தது. அதற்கென்றே லெப்டொப்பில் பூட்டிப் பேனையால் கீறும் தட்டு இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், என் வீட்டுக்காரரை விடவில்லை. மோட்டார் சைக்கிளில் மட்டக்களப்பு டவுனுக்குக் கூட்டிப்போகும்வரை அவருக்கு நிம்மதி இல்லை.

கடைக்காரர் இரண்டு வகையை எடுத்து வைத்தார். ஒன்றில் திரை இருந்தது. கீறுகிற இடத்திலேயே படம் தெரியும். மற்றது வெறும் கறுப்புத் தட்டு. அதில் ஒன்றும் தெரியாது, கை தட்டில் இருக்க, கண் லெப்டொப்பில் இருக்கவேண்டும். திரை உள்ளதுதான் சுகம் என்று அவர் அடித்துச் சொன்னார். தொட்டுப் பார்க்காமல் ஒரு சாமானும் வாங்கமாட்டேன் என்று நானும் அடித்துச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கதிரையைத் தேடி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு என்னைத் தெரியும்.

முதலில் திரைத் தட்டில் ஒரு பூவைக் கீறினேன். அழகாகத்தான் வந்தது. ஆனால் நான் கீறுகிற இதழை என் கையே மறைத்துக்கொண்டு நின்றது. மருதோண்டி போடும்போதும் இதே தொல்லைதான். என் கை என்ன செய்கிறது என்று பார்க்க நானே கழுத்தை வளைத்து வளைத்து எட்டிப் பார்ப்பேன். அந்தக் கழுத்து நோவைக் காசு கொடுத்தும் வாங்கவேண்டுமா?

பிறகு கறுப்புத் தட்டு. நான் வலப்பக்கம் போக நினைத்தால் கோடு வேறெங்கோ போனது. என் பெயரை எழுதினேன். பாலர் பாடசாலைப் பிள்ளையின் எழுத்துப் போல இருந்தது. விட்டேனா? திரும்பத் திரும்பக் கீறினேன். கொஞ்ச நேரத்தில் கை தானாக வழிக்கு வந்தது. லெப்டொப் திரையில் நான் கீறிய கொடி மட்டும் தன்பாட்டில் வளர்ந்துகொண்டு போனது, மறைக்க ஒரு கையும் இல்லை. அட, என் கை இப்படியா கீறுகிறது என்று எனக்கே புதினமாக இருந்தது. இதுதான் எனக்கு என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

பெரியது வாங்கினால் நல்லது என்றார் கடைக்காரர். பெரிய படம் கீறுகிறவர்கள் தோளிலிருந்து கையை வீசுவார்கள். எனக்கு விரல் மட்டும்தான் அசையும். என் வேலை முழுவதும் ஒரு உள்ளங்கைக்குள் முடிந்துவிடும். சிறியதையே கேட்டேன். பேனைக்குப் பற்றரி எங்கே போடுவது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பற்றரி இல்லையாம், தட்டே பேனையை உணருமாம். அது எப்படி என்று நான் தொடங்க, இன்னும் கொஞ்சம் நின்றால் கடையையே கழற்றிப் பார்ப்பீர்கள் என்று அவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து பூட்டினால் பேனை வேலை செய்யவில்லை. அம்புக்குறி திரையெல்லாம் சுற்றுகிறது, ஒரு கோடு விழவில்லை. கடைக்காரருக்குப் போன் எடுத்து ஏசத் தொடங்கினேன். அவர் பொறுமையாக, பேனை தட்டில் படுகிறதா என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். படவில்லை. கடையில் எழுதுகிற மாதிரிப் பிடித்தவள், வீட்டில் டிசைன் என்றதும் மருதோண்டிக் கோன் பிடிக்கிற மாதிரிப் பிடித்திருக்கிறேன். கோனின் நுனி தோலைத் தொடாது. சற்று மேலே நிற்க, மருதோண்டி நூலாக இறங்கும். அதே பழக்கத்தில் பேனையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, பெருவிரலால் அதைப் பிதுக்கியும் இருக்கிறேன். வெட்கத்தில் போனை வைத்துவிட்டேன்.

தட்டில் கையைப் பழக்கி எடுத்த காலத்தில்தான் நாலு வீடு தள்ளியிருக்கும் பிள்ளை வந்தாள். அவளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை கட்டாரில் வேலை. இருவரும் போனில் பேசிக்கொள்வார்கள். சின்ன வயதில் கொதி எண்ணெய் கொட்டி அவளுடைய இடது புறங்கை முழுவதும் தழும்பு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பார்க்க வந்தபோது அபாயா அங்கியின் கையை விரல்வரை இழுத்து விட்டிருந்தாளாம். மாப்பிள்ளைக்கும் தெரியாது. தழும்பே தெரியாத மாதிரி நெருக்கமாக ஒரு டிசைன் போடமுடியுமா என்று கேட்டாள். சொல்லும்போதும் அந்தக் கை சால்வைக்குள்தான் இருந்தது.

தோலில் போட்டால் போட்டதுதான். தட்டில் எத்தனை தரமும் அழிக்கலாம். அவளுடைய கையைப் போனில் படமெடுத்து லெப்டொப்பில் போட்டேன். அதற்கு மேல் கண்ணாடித்தாள் விரித்த மாதிரி ஒரு லேயர் திறந்து அதில் கீறினேன். கொடி போட்டோம், அழித்தோம். வலை போட்டோம், அழித்தோம். கடைசியில் நெருக்கமான பூக்களால் நிரப்பியபோது தழும்பு இருந்த இடமே தெரியவில்லை. பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது.

ஆனால் அது திரையில்தான். எரிந்த தோலில் மருதோண்டி சரியாகப் பிடிக்காது. எத்தனையோ கைகளைப் பிடித்தவள், எனக்குத் தெரியும். காய்ந்ததை உதிர்க்கும்போது தழும்பு மட்டும் திட்டுத்திட்டாக வெளிறித் தெரியும். அவள் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை. ஆனால் கலியாண நாளில் அவளாகக் கண்டுபிடித்தால் அதைவிடப் பாவம். தழும்பின் மேல் வந்த பூக்களை மட்டும் மங்கலாக்கி, "இப்படித்தான் புள்ள நிக்கும்" என்றேன்.

அவள் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தாள். பிறகு பூக்களை எல்லாம் எடுத்துவிடச் சொன்னாள். அந்த லேயரை மறைத்தேன். லெப்டொப் திரை நிறைய அவளுடைய வெறுங்கை. தன் கையை அவள் அவ்வளவு பெரிதாகப் பார்த்திருக்கமாட்டாள். அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பித் தரக் கேட்டாள். அனுப்பினேன். என் கண்ணுக்கு முன்னாலேயே அதை மாப்பிள்ளைக்கு அனுப்பிவிட்டாள்.

அவசரப்பட்டாயே என்று ஏசவும் முடியவில்லை. தேத்தண்ணி ஊற்றி வந்து வைத்தேன், இருவரும் குடிக்கவில்லை. மாப்பிள்ளை படத்தைப் பார்த்துவிட்டதற்கு நீல அடையாளம் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கலியாணம் குழம்பினால் அவள் உம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, குரல் பதிவொன்று வந்தது. தனியே கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. என் மேசையில் வைத்தே போட்டாள்.

"நல்லா நொந்திருக்குமே புள்ள" என்றது அந்தக் குரல். அவ்வளவுதான்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாரும் இந்தத் தழும்பு மாறுமா, மாறுமா எண்டுதான் கேட்டாங்க. நொந்ததா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல" என்றாள். என் பங்குக்கு நானும் அதைக் கேட்டிருக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. இடது கையால் போனைத் தூக்கி, வாயருகே வைத்துப் பதில் சொன்னாள்.

"ஓம். சரியா நொந்திச்சு."