குவைத்தில் பெய்த பனி

எழுதிப் பழக்கம் இல்லாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மகனுக்கு விடுப்புக் கடிதம், ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனி கேன்டீனில் அன்றைக்கு என்ன காய் வந்தது என்ற குறிப்பு, இவ்வளவுதான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பின்னால் போய் நின்றுகொள்வேன். இப்படிப்பட்ட நான் ஒரு காலத்தில் ஊருக்கே உலகச் செய்தி சொன்னவள் என்றால் என் மகன் சிரிக்கிறான். அவன் சிரித்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். தப்பு இருந்தால் என்னுடையது.

1991ஆம் வருடம் நான் ஆறாம் வகுப்பு. எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரிக்குக் கொஞ்சம் உள்ளே. பஞ்சாயத்து போர்டு கட்டடத்தை ஒட்டி ஓர் அறை இருந்தது. அதில், கம்பிக் கதவு போட்ட மரப்பெட்டிக்குள் டிவி இருந்தது. அந்தக் கதவின் சாவி பம்ப் ஆபரேட்டரிடம் இருக்கும். தண்ணீர் விடுவதும் அவர்தான், படம் விடுவதும் அவர்தான். படம் புள்ளி புள்ளியாக வந்தால் ஒருவரை மாடிக்கு அனுப்பி ஆன்டெனாவைத் திருப்பச் சொல்லுவார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆங்கிலத்தில் ஒரு நிகழ்ச்சி வரும். உலகத்தில் எங்கே சண்டை, எங்கே பஞ்சம் என்று நேரில் போய்ப் படம் பிடித்துக் காட்டுவார்கள். சட்டை முழுக்கப் பை வைத்த ஒருவர், காற்றில் தலைமுடி கலைய, மைக்கைப் பிடித்துப் பேசுவார். அவருக்குப் பின்னால் ஏதாவது எரிந்துகொண்டிருக்கும். முன்பெல்லாம் அந்த அரை மணி நேரமும் ஆபரேட்டர் டிவியை அணைத்துவிட்டுப் பீடி பிடிக்கப் போய்விடுவார். குவைத்தில் சண்டை வந்த பிறகு அப்படிச் செய்ய முடியவில்லை. எங்கள் ஊரிலிருந்து நான்கைந்து ஆட்கள் அங்கே போயிருந்தார்கள். ஒருவரிடமிருந்தும் கடிதம் இல்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் சனிக்கிழமை விளக்கு வைப்பதற்கு முன்பே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

ரேடியோவில் தமிழில் செய்தி சொன்னார்கள், உண்மைதான். ஆனால் அதில் முகம் தெரியாது. டிவியில் முகம் தெரிந்தது, பேச்சு புரியவில்லை. இங்கிலீஷ் தெரிந்த பள்ளிக்கூட வாத்தியார் வெள்ளிக்கிழமையே தாம்பரத்துக்கு பஸ் ஏறிவிடுவார். அப்போதுதான் அப்பா எழுந்து சொன்னார்.

"எம் பொண்ணு இங்கிலீஷ்ல எழுவத்தெட்டு மார்க்கு. அது சொல்லும்."

எழுபத்தெட்டு மார்க் வாங்கியது உண்மை. பசுவைப் பற்றியும் என் பள்ளியைப் பற்றியும் பத்துப் பத்து வரி மனப்பாடம் செய்து வாங்கியது. டிவிக்காரர் பேசியதில் எனக்குத் தெரிந்த சொற்கள் தண்ணீர், நெருப்பு, மனிதன், நேற்று. மிச்சத்தைப் படத்தைப் பார்த்துச் சொன்னேன். எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்னை யாரும் பார்க்கவில்லை. அதனால் கூச்சம் வரவில்லை. இரண்டாவது வாரத்திலேயே குரல் கொஞ்சம் கணீரென்று வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதில் காட்டியதெல்லாம் குவைத் என்றே நான் நினைத்தேன். ஒரு வாரம் பாலைவனத்தில் கறுப்பாகப் புகை எழுந்தது. அடுத்த வாரம் ஆற்றங்கரையில் ஓர் ஊர் இடிந்து கிடந்தது. அதற்கடுத்த வாரம் எலும்பும் தோலுமாகக் குழந்தைகள், பிறகு மலை, மலைமேல் பனி, பனியில் கம்பளி போர்த்திய சனம். எல்லாவற்றையும் ஒரே ஊராக்கிவிட்டேன்.

குவைத்துக்குப் போன கொத்தனாரின் மனைவி திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "இன்னா பாப்பா, பனி பெய்யுது? எங்க வூட்டுக்காரு அடுப்புல குந்திகினு கீற மாரி கீதுன்னு எழுதினாரு?"

"அது அந்தப் பக்கம்கா. இது இந்தப் பக்கம்."

"ரெண்டு பக்கம் கீதா?"

"ஆமா. மலைக்கு இந்தப் பக்கம் குளுரும்."

ஆபரேட்டர் பின்னாலிருந்து, "நம்ம ஏரிக்கு அந்தாண்ட ஒரு மாரி, இந்தாண்ட ஒரு மாரி இல்ல? அது மாரிதான்" என்று எனக்கு ஒத்து ஊதினார். அவருக்கு அரை மணி நேரம் சண்டையில்லாமல் போனால் போதும்.

கொத்தனார் மனைவிக்குப் பக்கத்தில் என் அத்தை உட்கார்ந்திருப்பாள். அப்பாவின் தங்கை. மாமா குவைத்தில் டிரைவர். சண்டை தொடங்கிப் பணம் வருவது நின்றதும், மாமியார் அத்தையை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனாள். மாமா அத்தையை அடிப்பார். ஊருக்கு விடுமுறையில் வரும் இரண்டு மாதமும் அடிப்பார். இதை இப்போது நான் ஒரே வரியில் எழுதிவிட்டேன். அன்று எங்கள் வீட்டில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. "அவரு கோவக்காரரு" என்பார்கள். கோவக்காரர் என்றால் எங்கள் கணக்கு வாத்தியார் மாதிரி என்று நான் எண்ணிக்கொண்டேன். எனக்கு அவர் போன முறை டார்ச் லைட்டும் வாசனை ரப்பரும் கொண்டுவந்தவர்.

பொங்கலுக்குப் பிறகு அத்தை படப்பைப் பக்கம் தோல் கையுறை தைக்கும் ஒரு கம்பெனிக்குத் தினக்கூலிக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் வேன் வரும். சாயங்காலம் வந்து இறங்கும்போது கையெல்லாம் தோல் வாசனை அடிக்கும். சாப்பிடும்போது மெஷினைப் பற்றியே பேசுவாள். கட்டை விரலைத் தைப்பதுதான் கஷ்டம், அதைத் தன்னிடம்தான் கொடுக்கிறார்கள் என்று சொல்லி, என் கட்டை விரலைப் பிடித்து எங்கே தையல் போகும் என்று கோடு போட்டுக் காட்டுவாள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அத்தை இவ்வளவு பேசுகிற ஆள் இல்லை.

சித்திரை மாதம் கம்பெனியில் அத்தையை நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். புருஷனோ, அப்பாவோ, அண்ணனோ கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

அத்தை வியாழக்கிழமை அதை அப்பா முன்னால் வைத்தாள். அப்பா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ள கதி இன்னான்னு தெரியாம நான் எப்டிம்மா போடறது? நாளைக்கி வந்து, யாரக் கேட்டு என் பொண்டாட்டிய வேலைக்கி அனுப்புனன்னு கேட்டா?"

"எட்டு மாசமாச்சிண்ணா."

"ஆச்சி, இல்லன்னு சொல்லல. சனிக்கெழம டிவில பாப்போம். இப்பத்திக்கி அங்கேர்ந்து யாரும் வர மாரி இல்லன்னு தெரிஞ்சா நான் கையெழுத்து போட்டுத் தர்றேன். வர்றாங்கன்னா நீ உன் மாமியா வூட்டுக்குப் போய்டணும். மாப்ள வர்றப்ப நீ அங்க இல்லன்னா நல்லா இருக்காது."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளும் அவள் என்னிடம் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் மட்டும் எனக்குத் தலை வாரிவிட்டபோது, "அங்க ரோடு, கப்பலெல்லாம் சரியா கீதா கண்ணு?" என்றாள். "சீக்கிரம் சரி பண்ணிடுவாங்க அத்த" என்றேன். பாவம், மாமாவை நினைத்து ஏங்குகிறாள் என்று நினைத்தேன். ரிப்பனை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பாரம் என்பது ஓர் ஆறுதல் பரிசு என்று நினைத்தேன். ஓட்டப் பந்தயத்தில் தோற்ற பிள்ளைக்குப் பென்சில் கொடுப்பது போல. மாமா வந்துவிட்டால் பாரமே தேவையில்லை. அதனால் என்னால் முடிந்தால் மாமாவை வரவைக்க வேண்டும்.

அன்று அறையில் நிற்க இடமில்லை. நிகழ்ச்சியில் முதலில் ஏதோ கூட்டத்தில் கோட்டுப் போட்டவர்கள் பேசினார்கள். "பேசறாங்க" என்று மொழிபெயர்த்தேன். பிறகு ஒரு துறைமுகம் வந்தது. கப்பலிலிருந்து சனங்கள் இறங்கினார்கள். கரையில் நின்றவர்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதார்கள். அது எந்த நாடு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகங்கள் நம் ஊர் முகமாக இல்லை. ஆனால் மூட்டைகள் நம் ஊர் மூட்டை மாதிரிதான் இருந்தன. டிவிக்காரர் 'ஹோம்' என்று மூன்று முறை சொன்னார். ஹோம் எனக்குத் தெரிந்த சொல்.

"இன்னா சொல்றாரு?" என்று அப்பா கேட்டார்.

"குவைத்ல கீற நம்ம ஆளுங்க எல்லாரையும் கப்பல்ல ஏத்தி வூட்டுக்கு அனுப்பறாங்களாம்" என்றேன். குரல் நன்றாக வந்தது. அதனால் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். "யாருக்கும் ஒண்ணும் ஆவலியாம். அடுத்த மாசம் வந்துடுவாங்களாம்."

கொத்தனார் மனைவி என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். "எங்கம்மா, உன் வாயில சக்கரய கொட்டணும்" என்று கன்னத்தை வழித்தாள். யாரோ கடைக்கு ஓடி உண்மையிலேயே சர்க்கரை வாங்கிவந்தார்கள். ஆபரேட்டர், "பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னன்" என்றார். அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எல்லோரும் எழுந்து பேச ஆரம்பித்ததால் மிச்ச நிகழ்ச்சியை யாரும் பார்க்கவில்லை.

அத்தை எழுந்திருக்கவில்லை. கூட்டம் கொஞ்சம் விலகியதும் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"அடுத்த மாசம்னா சொன்னாங்க?"

"ஆமா அத்த."

"நல்லா கேட்டியா கண்ணு? தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் சர்க்கரை இருந்தது. அப்பா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "சாமி சத்தியமா அத்த" என்றேன்.

அத்தையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கொத்தனார் மனைவிக்கும் வழிந்ததுதானே, இதுவும் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். என் கன்னத்தில் ஒட்டியிருந்த சர்க்கரையை முந்தானையால் துடைத்துவிட்டு, "நல்லா படி" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் அப்பா பாரத்தை எடுத்து நான்காக மடித்து அத்தையிடமே திருப்பிக் கொடுத்தார். அம்மா அன்று பாயசம் வைத்தாள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

அடுத்த மாதம் யாரும் வரவில்லை. கொத்தனார் ஆவணியில் வந்தார். மாமா அதற்கடுத்த வருடம் வந்தார். எனக்கு இன்னொரு டார்ச் லைட் கொண்டுவந்தார்.

என் பொய்யால்தான் எல்லாம் ஆயிற்று என்று வெகு காலம் நினைத்திருந்தேன். அத்தை முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல் கல்யாணம் காட்சிகளில் ஒதுங்கி நின்றிருக்கிறேன். எனக்கும் கல்யாணமாகி, ஒரு பையனும் பிறந்து, அப்பாவும் போன பிறகுதான் வேறொன்று தோன்றியது. அப்பா தினமும் டீக்கடையில் தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர். குவைத்தில் பனி பெய்யாது என்று அவருக்குத் தெரியும். எந்தக் கப்பல் எங்கே போகிறது என்றும் தெரிந்திருக்கும். தங்கைக்குக் கையெழுத்துப் போடவும் அவருக்குத் தைரியம் இல்லை, மாட்டேன் என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லவும் தைரியம் இல்லை. அதை வேறு யாராவது சொல்ல வேண்டியிருந்தது. எழுபத்தெட்டு மார்க் வாங்கிய நான் இருந்தேன். அத்தைக்கும் இது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதனால்தான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அம்மா பாயசம் வைத்ததற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா காலையிலேயே அத்தையையும் டிரங்குப் பெட்டியையும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இருந்த மாமியார் வீட்டுக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தார்.