குரல் நின்ற தோப்பு

ஆடி மாதத்தில் எங்கள் ஓடையில் தண்ணீருக்கு முன்னால் மட்கிய இலையின் வாசனை வந்து சேரும். மம்சாபுரத்துக்கு மேற்கே, கரிசல் முடிந்து செம்மண் ஏறத் தொடங்கும் மலையடிவாரத்தில், ஓடையை ஒட்டி மேலிருந்து கீழாக ஐந்து மாந்தோப்புகள். தோப்புக்கு ஒரு வீடு. ஒரு வீட்டின் அடுப்புப் புகை அடுத்த வீட்டுக்குத் தெரியாது. தென்மேற்குப் பருவமழை மலையோடு நின்றுவிடும். ஆகவே எங்கள் தலைக்கு மேல் வெயில் காயும்போதே ஓடை பெருகி வரும். வெள்ளத்தை முதலில் காணும் மேல்தோப்புக்காரர் "ஓடை வருதுலே!" என்று கத்துவார், கேட்டவர் அடுத்த தோப்புக்குக் கத்த வேண்டும். இதற்குக் "குரல் எறக்குறது" என்று பெயர். "அடுப்புல பால் பொங்கினாலும் குரல் குடுத்துட்டுத்தான் எறக்கணும்" என்பார்கள் பெரியவர்கள்.

கடைசித் தோப்பு எங்களுடையது. ரோட்டுக்குப் போக ஓடையைத் தாண்டியாக வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஆண்டு, ஆடிப்பூரத் தேருக்கு மறுநாள், அக்காவுக்குப் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு. வயது வரம்பின்படி அதுவே கடைசி வாய்ப்பு. காலையில் கரையில் நின்று மலையைப் பார்த்தாள். உச்சி கறுத்திருந்தது.

"குரல் வரல. போ ஏட்டி," என்றார் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்திருந்த அப்பா.

அவள் நடு ஓடையில் இருந்தபோது வெள்ளம் வந்தது. மருத மரத்து வேரைப் பிடித்துக்கொண்டவளை அப்பா கயிறு வீசி இழுத்தார். சான்றிதழ்ப் பை போய்விட்டது. தண்ணீர் வடியப் பிற்பகலாயிற்று. அதற்குள் ஓட்டம் முடிந்திருக்கும்.

"சத்தம் கேக்கலேன்னா எதிரி இல்லேன்னுதான் பட்டாளத்துல சொல்லிக்குடுத்தாவளா?" என்றாள் அக்கா.

மூன்றாம் தோப்புக் குடும்பம் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போய், உறவினர் வீட்டில் தங்கிவிட்டது என்பது மாலையில் அவர்கள் திரும்பியபோதுதான் தெரிந்தது. மேலே இரண்டு வீட்டாரும் கத்தியிருக்கிறார்கள்.

"ஆளில்லாத வீடு எப்படி அண்ணாச்சி வாய் தொறக்கும்?" என்றார் மூன்றாம் தோப்புக்காரர்.

அக்கா இப்போது தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கூடம் நடத்துகிறாள். ஓடைக்குப் பாலம் வந்துவிட்டது. மற்ற நான்கு தோப்புகளையும் வெளியூர்க்காரர்கள் வாங்கிக் கம்பிவேலி போட்டதில், குரல் இறக்க மேலே யாருமில்லை. பாலத்தின் மேல் வரப்போகிறவள்தான், ஆனாலும் ஆடியில் புறப்படும் முன் அக்கா போனில், "ஓடை வரலையாப்பா?" என்று கேட்பாள்.

அப்பா இல்லை என்று சொல்வதில்லை. "எனக்குக் கேக்கல தாயி," என்பார்.